எங்கள் மலைக்கு வரும் ஊழியப் பயணக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான சேகர குருமார்களுக்கும், சேகரக் கமிட்டி ஐயாமார்களுக்கும், பெண்கள் ஐக்கிய அக்காமாருக்கும், வாலிபர் ஐக்கியத் தம்பி தங்கைகளுக்கும் ஸ்தோத்திரம்.

நான் நாசரேத் பக்கத்துப் பெண். கல்யாணமான மறுவருஷம் ஜார்கண்டுக்கு வந்தேன். சாகிப்கஞ்ச் மாவட்டத்தில், ராஜ்மகால் மலையில், பதினாறு வருஷமாக இருக்கிறோம். கணவர் மலைக் கிராமங்களில் இருக்கும் வீட்டுச் சபைகளைக் கவனிக்கிறார். நான் அடிவாரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். இந்தக் கடிதத்தை எந்தச் சங்கத்தின் சார்பிலும் எழுதவில்லை. நாங்கள் இருக்கும் கிராமத்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

ஒவ்வொரு வருஷமும் மழை முடிந்து குளிர் தொடங்கியதும் நம் ஊர்ப் பக்கமிருந்து குழுக்கள் வருகின்றன. பத்துப் பேர், பன்னிரண்டு பேர். ரயிலில் ஹவுரா வரை, அங்கிருந்து இன்னொரு ரயிலில் பர்ஹர்வா, அப்புறம் ஜீப். மூட்டை மூட்டையாக நோட்டுப் புத்தகம், ஸ்வெட்டர், கருப்பட்டி, அல்வா. பிளாட்பாரத்தில் ‘அக்கா’ என்று தமிழில் ஒரு குரல் கேட்டாலே எனக்குக் கண் நிறைந்துவிடும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வாசிக்கிற சிலர் ‘வராதீர்கள் என்கிறாள்’ என்று நினைத்துக்கொள்ளலாம். வாருங்கள். நீங்கள் வர வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆனால் வருகிற விதம் மாறாவிட்டால் எங்களைச் சேர்ந்தவர்கள் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு குழு வந்தது. பயணத் திட்டம் ஒரு மாதத்துக்கு முன்பே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது: ஐந்து நாளில் ஆறு பள்ளிகள், எட்டு வீட்டுச் சபைகள். ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்கு இரண்டு மணி நேரம் மலையில் நடக்க வேண்டியிருக்கும், இது ஆகாது என்று சொன்னோம். ‘சமாளித்துக்கொள்ளலாம் அக்கா, சபையில் அறிவித்துவிட்டோம்’ என்றார்கள்.

இங்கே வீட்டுச் சபை என்றால் ஒரு மண் வீடு, அதன் முற்றம், இருபது பேர். அவர்கள் பஹாடியா மக்கள், இந்த மலையின் பழங்குடிகள். மலைச் சரிவில் காட்டை வெட்டி எரித்துச் சோளமும் பர்பட்டிப் பயறும் விதைக்கிறார்கள். அந்தக் கொல்லைக்குக் ‘குர்வா’ என்று பெயர். நிறையப் பேர் கீழே இறங்கிக் குவாரியில் கல் உடைக்கப் போகிறார்கள். பெண்கள் ஊற்றுக்கு இறங்கித் தண்ணீர் சுமந்து ஏறுகிறார்கள். இதெல்லாம் முடிந்து இருட்டிய பிறகுதான் கூடுவார்கள். ஒரு விளக்கு, ஒரு மேளம், அவர்கள் மொழியிலேயே கட்டிய பாட்டு. ஒருவர் வேதத்தில் ஒரு பகுதியை வாசிப்பார். அதன்பின் பேச்சு. யார் வீட்டில் காய்ச்சல், யார் விதைக்கும் முன்பே பர்பட்டியை வட்டிக்குக் கொடுக்கும் மகாஜனிடம் அடமானம் வைத்துவிட்டார், யாருடைய பிள்ளை வேலைக்கென்று போய்த் தகவல் இல்லாமல் இருக்கிறான். ஒவ்வொன்றுக்கும் ஜெபம். சில நாள் இரண்டு மணி நேரம் ஆகும், சில நாள் அரை மணியில் முடிந்துவிடும்.

அந்தக் குழுவின் திட்டத்தில் இந்தச் சபைக்கு மாலை 4 மணி என்று போட்டிருந்தது. ஆகவே குவாரிக்குப் போனவர்கள் அரை நாள் கூலியை விட்டு வந்து உட்கார்ந்தார்கள். தமிழில் ஒரு மணி நேரப் பிரசங்கம். என் கணவர் அதை ஹிந்தியில் சொல்ல, உள்ளூர்ச் சகோதரர் ஒருவர் பஹாடியாக்களின் மொழியான மால்தோவில் சொல்ல, மூன்றாவது வாய்க்கு வருவதற்குள் பாதி உதிர்ந்துவிட்டது. கூடியிருந்தவர்களிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்க நேரம் இல்லை, 6 மணிக்கு அடுத்த சபை. புறப்படும்போது ஒரு தம்பி அந்த முற்றத்தை, அந்த முகங்களை எல்லாம் செல்போனில் வீடியோ எடுத்து, கிராமத்தின் பெயரையும் போட்டு, ‘இருளில் இருந்து வெளிச்சத்துக்கு வந்த மக்கள்’ என்று முகநூலில் ஏற்றினான். நல்ல பையன். தன் சபையார் பார்த்து ஜெபிக்க வேண்டும் என்றுதான் செய்தான்.

மூன்று வாரம் கழித்து அந்த வீட்டுக்காரரைக் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். வீடியோ யார் யார் கைக்கோ போய்ச் சேர்ந்திருந்தது. வெளியிலிருந்து ஆட்கள் வந்து காசு கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்று மனு. அவர் ஆறு நாள் போய்ப் போய் நின்றார். ஆறு நாள் கூலி போனது. மனைவி பயத்தில் பிள்ளைகளைத் தன் தாய் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். அந்த முற்றத்தில் அடுத்த ஐந்து மாதம் பாட்டுச் சத்தம் இல்லை. உங்கள் குழு அப்போது ஊர் திரும்பி, ஸ்தோத்திரப் பண்டிகையில் அதே வீடியோவைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தது. இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

காவல் நிலையத்தில் அவருக்காகப் பேசியவர் யார் தெரியுமா? அந்தக் கிராமத்துத் தேமானோ. தேமானோ என்றால் பஹாடியாக்களின் பூசாரி. எங்கள் ஜெபத்துக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. ‘இவனுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை, இவன் என் அண்ணன் மகன், இவன் பொய் சொல்ல மாட்டான்’ என்று அவர் சொன்ன பிறகுதான் விஷயம் அடங்கியது. அதே தேமானோ வீட்டு வாசலில் நின்றுதான், சில வாரம் முன்பு, நம் குழுவில் ஒரு ஐயா ‘இந்தப் பேய்களின் கட்டு அறுபடட்டும்’ என்று சத்தமாக ஜெபித்தார். தேமானோவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஐயா கையை எந்தத் திசையில் நீட்டினார் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை வருகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொண்டு வர வேண்டும். தமிழ்நாட்டில் 2002இல் வந்த மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் போய்விட்டது, அதனால் நம் ஊரில் யாருக்கும் இது ஞாபகத்தில் இல்லை. ஜார்கண்டில் 2017 முதல் சட்டம் இருக்கிறது. பலவந்தம், ஏமாற்று, ஆசை காட்டுதல் மூலம் மதம் மாற்றினால் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். அந்த ஆள் மைனராகவோ பெண்ணாகவோ பழங்குடியாகவோ பட்டியல் சாதியாகவோ இருந்தால் நாலு வருஷம், 1 லட்சம். இங்கே எல்லோருமே பழங்குடிகள். அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது என்பது உண்மைதான். ஆனால் பரப்பும் உரிமைக்குள் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் சொல்லிவிட்டது. இவற்றை நீங்கள் சரி என்று நினைக்கலாம், தப்பு என்று நினைக்கலாம். ஆனால் மனு வரும்போது ரயில் ஏறிப் போய்விட்டவர்களை யாரும் தேடி வருவதில்லை. வீட்டைத் திறந்து வைத்தவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

‘ஆசை காட்டுதல்’ என்ற வார்த்தையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜெபம் முடிந்த கையோடு அதே முற்றத்தில் ஸ்வெட்டர் கொடுக்கிறீர்கள். அன்பினால்தான் கொடுக்கிறீர்கள், எனக்குத் தெரியும். பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன தெரியும்? ஜெபத்துக்கு வந்தவளுக்கு ஸ்வெட்டர், வராதவளுக்கு இல்லை. குளிர் இருவருக்கும் ஒன்றுதான். சட்டத்தை விடுங்கள், மனசாட்சிக்கே இது சரியாக இல்லை. கொடுப்பதானால் கிராமம் முழுவதுக்கும், வேறொரு நாளில், கிராமத்துப் பெரியவர் கையால் கொடுக்கட்டும்.

பள்ளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் வகுப்பில் 41 பிள்ளைகள். வீட்டில் பேசுவது மால்தோ, சந்தையில் வங்காளமும் சந்தாலியும், பாடப் புத்தகம் ஹிந்தி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘பைட்டோ’ என்றால் உட்கார் என்று புரியவே இரண்டு மாதம் ஆகும். தை மாதம் ஒரு குழு, மாசியில் ஒரு குழு, ஒவ்வொன்றும் வந்து ஒரு மணி நேரம் கைதட்டிப் பாடவைத்து, பிஸ்கட் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போனால் அந்த வாரம் வகுப்பே நடக்காது. பிள்ளைகள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்து அரசுப் பள்ளிக்கும் போகலாமா என்று சிலர் கேட்கிறீர்கள். அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்று சாசனத்தின் 28ஆம் பிரிவிலேயே இருக்கிறது. எங்கள் பள்ளி போன்ற அங்கீகாரம் பெற்ற இடங்களிலும் பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையை அப்படிப்பட்ட போதனையில் உட்காரவைக்கக் கூடாது. இங்கே படிக்கும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கிறிஸ்தவக் குடும்பம் அல்ல. என்னை நம்பி எழுத்துப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க எனக்கு ஆறேழு வருஷம் ஆனது.

இன்னொன்று, இதைச் சொல்லும்போது இப்போதும் கை நடுங்குகிறது. ஒரு குழு ஒருநாள் மருத்துவ முகாம் நடத்தியது. குழுவில் டாக்டர் இல்லை, மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் இருந்தார். மூன்று வாரமாகக் காய்ச்சல் உள்ள ஒரு பையனுக்குக் காய்ச்சல் மாத்திரையும் டானிக்கும் கொடுத்தார். இரண்டு நாள் காய்ச்சல் விட்டது. ‘மெட்ராஸ் மருந்து’ கேட்டுவிட்டது என்று அம்மா நிம்மதியாகிவிட்டாள். எங்கள் மாவட்டம் காலா அசார் உள்ள இடம். மணல் ஈ கடித்து வரும் வியாதி அது. இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் நின்றால், வயிற்றில் மண்ணீரல் வீங்கியிருந்தால், உடனே பரிசோதிக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் விரல் நுனி ரத்தத்தில் பார்க்கலாம், ஒரே வேளை ஏற்றும் மருந்தும் இலவசம். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். அந்தப் பையனை நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது இன்னும் ஒரு மாதம் ஓடியிருந்தது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கினோம். பிழைத்துவிட்டான், இப்போது என் வகுப்பில் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அந்த அண்ணனிடம் இதைப் போனில் சொன்னேன், அவர் அழுதுவிட்டார். அடுத்த முறை வரும்போது மாத்திரை கொண்டு வரவில்லை. காய்ச்சல்காரர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஜீப் வாடகை கொண்டு வந்தார்.

போர்வெல் போட்டுத் தருகிறோம் என்று மேடையில் சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. பெண்கள் இரண்டு வருஷம் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கமிட்டியில் முடிவாகாத எதையும் இங்கே வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.

நம் சபைகளுக்கு இதெல்லாம் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமா என்று யோசித்தால், இல்லை. வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா 1902இல் யாழ்ப்பாணத்துக்கு ஒரு பயணம் போனார். அங்கே இருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காணிக்கை சேர்த்து, தங்களில் ஒருவரையே மிஷனரியாக அனுப்பி வைத்திருந்ததைப் பார்த்தார். பார்த்தது அவர் மனதைக் குடைந்தது. ஊர் திரும்பினார். மறுவருஷம், 1903இல், திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. நம் சபைச் சரித்திரத்தில் இவ்வளவு பலன் தந்த குறுகிய காலப் பயணம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. அவர் அங்கே பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் அந்தப் பலனைத் தந்தது. 1909இல் அவரே குடும்பத்தோடு தோர்ணக்கல்லுக்குப் போய், தெலுங்கு கற்றுக்கொண்டு, அங்கேயே தங்கினார். பிறகு அங்கே முதல் பேராயரானார்.

1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த சபையில் அவர் எழுந்து பேசியதை நீங்கள் ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்பீர்கள். உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பர்ஹர்வாவில் இறங்கி மலை ஏறும்போது நாம் நிற்பது அசரியாவின் இடத்தில் அல்ல. அவர் யாரைப் பார்த்துப் பேசினாரோ அவர்கள் இடத்தில். நோட்டு கொடுக்கிறோம், ஸ்வெட்டர் கொடுக்கிறோம். முற்றத்தில் உட்கார்ந்திருக்கிற அந்த மனிதர் நம்மிடம் கேட்பது அன்றைக்கு அசரியா கேட்டதைத்தான்.

இதற்கு ஒரு நல்ல வழியும் பார்த்திருக்கிறேன். சில வருஷத்துக்கு முன் வந்த குழுவில் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி டீச்சர் ஒருவர் இருந்தார். தூத்துக்குடிக்காரர். முழங்கால் வலியால் அடுத்த கிராமத்துக்கு ஏற முடியவில்லை, ஆகவே அவரை ஒரு பாட்டி வீட்டில் விட்டுவிட்டு மற்றவர்கள் போனார்கள். நாள் முழுக்க இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து பர்பட்டி உரித்தார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குத் தெரியாது. டீச்சர் தன் கண்ணைத் தொட்டு ‘கண்’ என்றார். பாட்டி தன் கண்ணைத் தொட்டு ‘கனு’ என்றாள், அந்தக் ககரம் தொண்டைக்குள்ளிருந்து வரும். டீச்சர் பல்லைக் காட்டினார். ‘பலு’ என்றாள் பாட்டி. சாயங்காலம் நாங்கள் திரும்பியபோது இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மால்தோ திராவிட மொழி. ஒரான் மக்கள் பேசும் குருக் மொழியோடும் பலுசிஸ்தானத்துப் பிராகுயியோடும் சேர்ந்த வடதிராவிடக் கிளை. ராஜ்மகால் மொழி நம் மொழிக்கு உறவு என்று ஒப்பிலக்கணத்தில் எழுதியவர் நம் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர். அவர் கல்லறை இருக்கும் ஊரிலிருந்துகூடக் குழு வந்தது, ஆனால் இந்த மக்கள் நம் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஹிந்தியில் ‘ஹம்’ என்றால் முன்னால் இருப்பவரையும் சேர்த்தா சேர்க்காமலா என்று தெரியாது. மால்தோவில் தெரியும். கேட்பவரை விட்டுச் சொன்னால் ‘ஏம்’, அவரையும் சேர்த்தால் ‘நாம்’. அப்படியே நம்முடைய நாம்! பாட்டி வீட்டு ஜெபத்தில் டீச்சர் கலந்துகொண்ட முதல் இரவு எல்லோரும் அவரிடம் ‘ஏம்’ என்று சொல்லித்தான் பேசினார்கள். அடுத்த வருஷம் அவர் குழு இல்லாமல், மகனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்து இரண்டு மாதம் தங்கினார். என் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு மால்தோ வார்த்தைகளை வைத்து ஹிந்தி எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். பிரசங்கம் பண்ணவே இல்லை. புறப்படும் வாரம் பாட்டி வீட்டில் ஜெபம் முடிந்து பேசியபோது, டீச்சரிடம் ‘நாம்’ என்று பாட்டி சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

ஆகவே கமிட்டி ஐயாமார்களிடம் கேட்கிறேன். பன்னிரண்டு பேர் ஐந்து நாள் வருவதற்குப் பதில் மூன்று பேர் பதினைந்து நாள் வரட்டும். ஒரே கிராமம் போதும். முடிந்தால் அதே மூன்று பேர் மறுவருஷமும் வரட்டும். செல்போன் பையிலேயே இருக்கட்டும். சபையில் காட்டப் படம் வேண்டுமென்றால் மலையை எடுங்கள், ஊற்றை எடுங்கள், முகம் வேண்டாம், பெயர் வேண்டாம், ஜெபக்குறிப்பிலும் வேண்டாம். கர்த்தருக்கு அந்த வீடு தெரியும். பள்ளிக்கு வருபவர்கள் என் வகுப்பில் பின் வரிசையில் ஒரு வாரம் உட்காருங்கள், பிறகு எதில் உதவலாம் என்று நீங்களே சொல்வீர்கள். உங்களில் நர்ஸ்கள், டீச்சர்கள், பைப் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களை அனுப்புங்கள். பிரசங்கியாரும் வரலாம், ஆனால் முதல் நாலு இரவு அவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். பயணத்துக்குச் செலவாகும் பணத்தை அப்படியே அனுப்பிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம், ஆள்தான் வேண்டும்.

எங்களிடமும் தப்பு இருக்கிறது. ஆதரவாளர்கள் மனம் கோணக் கூடாது என்று இத்தனை வருஷம் எல்லாத் திட்டத்துக்கும் தலையாட்டினோம். 4 மணிக் கூட்டத்துக்கு ஆட்களைக் குவாரியிலிருந்து கூப்பிட்டு வந்தது நாங்கள்தான். அதற்காக அந்த வீட்டுக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். இனி முடியாது என்றால் முடியாது என்றே சொல்வோம்.

இந்த வருஷம் பர்பட்டி நன்றாகக் காய்த்திருக்கிறது. டிசம்பரில் பறிக்க ஆள் வேண்டும், காலை 5 மணிக்கே கொல்லைக்கு ஏற வேண்டியிருக்கும். வர விரும்புகிறவர்கள் திட்டம் போடுவதற்கு முன் என் கணவரோடு ஒருமுறை பேசிவிடுங்கள். கருப்பட்டி மறக்காமல் கொண்டு வாருங்கள், பாட்டி கேட்டாள்.

இப்படிக்கு,
ராஜ்மகால் மலையிலிருந்து,
உங்கள் சகோதரி